கருப்பி குடிக்கும் விஷம்

நிகாசியோ மறுபடியும் என்ஜினின் தண்ணீர்த்தொட்டிமேல் ஏறினான். காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று அவனுக்கே தெரியாது. மூடியைத் தள்ளிவிட்டுக் குச்சியை உள்ளே இறக்கி, வெளியே எடுத்து, ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்தான். போன முறையைவிட விரற்கடை குறைந்திருந்தது. குச்சியில் ஒட்டியிருந்த தண்ணீர் ரத்தச் சிவப்பு. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கிழக்கே பார்த்தான். தண்டவாளம் வெயிலில் நெளிந்து நெளிந்து தெரிந்ததே தவிர, புகை எதுவும் தெரியவில்லை.

“எவ்வளவு இருக்குண்ணே?” என்று கீழேயிருந்து கேட்டான் சிப்ரியானோ. அடுப்பில் விறகு தள்ளுகிற ஃபயர்மேன் அவன், டிரைவர் நிகாசியோ.

“நீ கேட்டுக் கேட்டே அது வத்திடும்போல இருக்கு. விறகைப் பாருடா.”

“விறகுல என்னத்தைப் பாக்குறது? அது எங்கயும் போகலையே.”

“அப்ப நீ எங்கயாவது போ.”

போவதற்கு இடம் ஏது? முன்னால் முள்காடு, பின்னால் முள்காடு, நடுவில் இரண்டு தண்டவாளங்கள். பக்கத் தண்டவாளத்தில் அவர்களுடைய என்ஜின் கருப்பி நின்றது. நேர்த் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. எதிர்வண்டி அதில் கடந்துபோகும்வரை கருப்பி அசையக்கூடாது. ஒற்றைப் பாதையில் சட்டம் ஒன்றுதான்: போர்முனைக்குப் போகிற வண்டிக்கு வழி, போர்முனையிலிருந்து வருகிற வண்டிக்குக் காத்திருப்பு. குண்டுக்கு அவசரம் உண்டு, குண்டடி பட்டவனுக்கு அவசரம் கிடையாது என்று எங்கோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருந்தார்கள். எதிர்வண்டி எங்கே வருகிறது என்று கேட்கலாமென்றால் தொலைபேசிக் கம்பியை எதிரி பொலிவியாக்காரனோ எறும்போ தின்று தீர்த்திருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் என்ஜின் ஓட்டியவர்கள் இல்லை. அணைத்தால் மறுபடி ஆவி கட்டுவதற்குப் பாதி நாள் போய்விடும். அணைக்காவிட்டால் நின்ற இடத்திலேயே பாய்லர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். இந்த நிறுத்தத்துக் குட்டை வற்றிச் சேறும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. இனித் தண்ணீர் வேண்டுமானால் பால்மா நிறுத்தத்துக்குப் போக வேண்டும். தொட்டியில் மிச்சமிருந்தது அதுவரைக்கும் போகத்தான் போதும், அதுவும் எதிர்வண்டி சீக்கிரம் வந்தால். பின்னால் மரம் ஏற்றும் தட்டு வண்டிகளில், பக்கச்சட்டம்கூட இல்லாமல், நூற்றுச்சொச்சம் பேர் காயத்தோடு படுத்திருந்தார்கள். அவர்களுக்குக் குடிக்க ஒரு சொட்டு இல்லை. தொட்டித் தண்ணீரை அவர்கள் யாரும் கேட்கவில்லை. அது விஷம் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அது விஷமில்லை என்று நிகாசியோவுக்கும் சிப்ரியானோவுக்கும் மட்டும் தெரியும்.

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போருக்கு முன்னால் கருப்பி கெப்ராச்சோ மரம் இழுத்த வண்டி. கோடாரியை முறிக்கிற மரம் அது. துறைமுகத்து ஆலையில் அதைச் சீவி வேகவைத்து வற்றவிட்டால் தோல் பதனிடும் சாறு கிடைக்கும். காய்ந்தால் வெல்லக்கட்டி மாதிரி உடைபடும். சாக்கோ என்கிற இந்தக் காட்டு மண்ணில் ஊறுகிற தண்ணீரெல்லாம் உப்பு. பாய்லரில் சுண்ணாம்பாகப் படிந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அதனால் அந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் சாற்றுக்கட்டி இரண்டை உடைத்துத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். படிவு பிடிக்காது. தண்ணீர் சிவக்கும், துவர்க்கும், அவ்வளவுதான். நிகாசியோ எத்தனையோ கோடையில் அதைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறான்.

பொலிவியாவோடு போர் வந்ததும் ஆட்களை அள்ளிக்கொண்டு மேற்கே ஓடின வண்டிகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் சிப்பாய்கள் குடுவையோடு தொட்டிமேல் ஏறிவிடுவார்கள். ஒரு பயணத்தில் கருப்பி நட்டநடுக் காட்டில் தண்ணீரில்லாமல் நின்றது. அது இழுத்துக்கொண்டு போன வண்டியில்தான் முனைக்கான குடிநீர்ப் பீப்பாய்களும் இருந்தன. அவை போய்ச் சேரத் தாமதமானதில் அங்கே தாகத்தில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று நிகாசியோவிடம் யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த பயணத்தில் ஒருவன் குடுவையோடு தொட்டிமேல் காலை வைத்தபோது நிகாசியோ அடித்தொண்டையில் கத்தினான்:

“டேய், அதுல பாய்லருக்குப் போடுற விஷம் கலந்திருக்குடா! குடிச்சா குடல் வெந்து சாவே!”

சிப்பாய் குதித்த குதியில் தொப்பி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அத்தோடு போயிருக்கும். ஆனால் அதே வண்டியில் நிகாசியோவின் மனைவி பெத்ரோனாவுடைய தம்பி ஹெர்வாசியோ, புதிதாகப் படையில் சேர்ந்தவன், உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாய் என்றால் வாய். அரையங்குல மீன் பிடித்தாலும் ஊருக்குள் வரும்போது அது முதலையாகியிருக்கும்.

“என் மச்சான் வண்டி, எனக்குத் தெரியாதா?” என்று ஆரம்பித்தான் ஹெர்வாசியோ. “கோவேறு கழுதை ஒண்ணு, நல்லா கொழுத்தது, இந்தத் தொட்டியிலேருந்து ஒழுகினதை நக்கிச்சு. நாலு அடி நடந்துச்சு. அப்புறம் நாலு காலும் மேலே! வயிறு உப்பி, மூக்கால பச்சை நுரை தள்ளி… என் கண்ணால பாத்தேன்!”

முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் கதையில் கழுதையைத் தின்ன கழுகும் செத்துப்போயிற்று. இறங்குமுன் அவனே தார் எடுத்துத் தொட்டியின் இரண்டு பக்கமும் மண்டையோடு வரைந்தான். பூசணிக்காய்க்குப் பல் முளைத்தது மாதிரி இருந்தாலும் வேலை செய்தது. அதற்குப் பிறகு எவனும் தொட்டிப் பக்கம் திரும்பவில்லை. நிகாசியோ மைத்துனனிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஹெர்வாசியோவிடம் சொல்வதும் சந்தையில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். கழுதைக் கதை பாதை முழுக்கப் பரவியது. வண்டிகள் நேரத்துக்குப் போயின. பொய் சொன்னோமே என்று நிகாசியோவுக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை, இன்று காலைவரைக்கும்.

இன்று காலை தண்டவாளம் முடிகிற இடத்தில் காயக்காரர்களை ஏற்றினார்கள். குடிநீர்ப் பீப்பாயும் ஏறியது. லெப்டினன்ட் ஒருவன் வந்து அதை இறக்கச் சொன்னான்.

“முனைக்குப் போறவனுக்குத் தண்ணி வேணும். நீங்க மத்தியானத்துக்குள்ள பால்மா போயிடுவீங்க.”

“எதிர்வண்டி லேட்டாச்சுன்னா?” என்று கேட்டான் நிகாசியோ.

“ஆகாது.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனுக்கென்ன, வாயால் வண்டி ஓட்டுகிறவன்.

கருப்பிக்கு அடுத்த முதல் தட்டில், ஒரு போர்வையில் சுருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள் ஹெர்வாசியோவை. தொடையில் காயம். கட்டுத்துணியைத் தாண்டி வாடை வந்தது. முகம் பாதியாகியிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

“மச்சான், டிக்கெட் எடுக்கலை. நடுவழியில இறக்கி விட்டுடாதே.”

“உன்னை ஏத்தினதே தப்பு. நாத்தம் புடிச்ச சாமானுக்குத் தனிக் கட்டணம்.”

“பாத்தியா எவாரிஸ்தோ? எங்க அக்கா இவனைக் கட்டிக்கிட்டு என்ன பாடு படுறாள்னு பாத்துக்க.”

எவாரிஸ்தோ என்பவன் அவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்த கார்ப்பரல். ஊரில் முடிதிருத்துகிறவன். பாதம் ஒன்று நசுங்கிப் போயிருந்தது. அவன்தான் அந்த வண்டியிலேயே சந்தோஷமான ஆள்.

“முடி வெட்டறதுக்கு ரெண்டு கை போதும், தோன் நிகாசியோ,” என்றான், பெரியவர்களுக்குப் போடும் ‘தோன்’ சேர்த்து. “நான் நாற்காலியில உக்காந்துக்குவேன். வர்றவன் நிக்கட்டும். உங்க தாடியைப் பாத்தா கை துறுதுறுங்குது. ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் கத்தி உங்களுக்குத்தான்.”

நிகாசியோ சிரித்தான். பிறகு என்ஜினுக்கு மறுபக்கம் போய், யாரும் பார்க்காத இடத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். மைத்துனனை உயிரோடு கொண்டுபோய்ப் பெத்ரோனாவிடம் சேர்க்காவிட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

இப்போது நடுப்பகல் தாண்டியாயிற்று. வடகாற்று அடுப்பு வாயிலிருந்து வருவது மாதிரி வீசியது. முதலில் தண்ணீர் தண்ணீர் என்று எல்லாத் தட்டிலிருந்தும் கத்தினார்கள். காயக்காரர்களைப் பார்த்துக்கொள்ள வந்த மருத்துவ உதவியாளர் கன்யேத்தே தன் குடுவைத் தண்ணீரில் துணியை நனைத்து உதடு உதடாகத் தடவினார். அது தீர்ந்தது. எவாரிஸ்தோ தன்னிடமிருந்த கடைசி வாய்த் தண்ணீரை ஹெர்வாசியோவுக்குக் கொடுத்தான், அவனுக்குக் காய்ச்சல் என்று. நிகாசியோவும் சிப்ரியானோவும் தங்களுடையதைக் காலையிலேயே கொடுத்துவிட்டிருந்தார்கள். பிறகு கத்தல் அடங்கியது. அடங்கியது இன்னும் மோசம். ஈக்களின் சத்தமும் கருப்பி மூச்சு விடுகிற சத்தமும் மட்டும் கேட்டன.

“சொல்லிடலாம்ணே,” என்றான் சிப்ரியானோ மெதுவாக. “தண்ணிதான்னு சொல்லிடலாம்.”

“சொல்லிட்டு?”

“ஆளுக்கு ஒரு வாய்…”

“ஒரு வாயோட எவன்டா நிறுத்துவான்? கால் இல்லாதவன்கூட ஊர்ந்து வருவான். அன்னைக்குக் குட்டை ஓரத்துல ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்கிட்டாங்களே, பாத்தல்ல? எல்லாம் நம்ம ஆளுங்கதான். தொட்டியை முட்டி மோதிக் கவுத்துட்டு, சாயங்காலம் மறுபடியும் தாகம் எடுத்து எல்லாரும் இங்கயே கிடப்பாங்க. கருப்பியும் கிடக்கும்.”

“சொல்லலைன்னாலும் சாவாங்கண்ணே.”

“கொஞ்சம் பேர்தான்.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கே உறைத்தது. சிப்ரியானோ விறகுமேல் உட்கார்ந்துகொண்டான். தாகம் இருவருக்கும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டியது. ஆனால் எதிரே அத்தனை கண்கள். சொந்தப் பொய்க்குக் காவல் இருந்துகொண்டு, தண்ணீர்மேல் உட்கார்ந்து காய்ந்தார்கள் இரண்டு பேரும்.

நிகாசியோ மறுபடி ஏறினான், குச்சியை விட்டான், இறங்கினான். கிழக்கே கொஞ்ச தூரம் தண்டவாளத்தில் நடந்து, குனிந்து, கையை வைத்துப் பார்த்தான். கை சுட்டதே தவிர அதிர்வு இல்லை. திரும்பி வந்து சக்கரத்தை உதைத்தான். எதிர்வண்டி டிரைவரின் பரம்பரையை ஆதியிலிருந்து திட்டினான்.

அப்போது முதல் தட்டிலிருந்து ஹெர்வாசியோ கூப்பிட்டான்.

“மச்சான்.”

நிகாசியோ போனான். மைத்துனனின் கண்கள் உள்ளே போயிருந்தன. கை நெருப்பாகச் சுட்டது.

“என்னடா?”

“கால் வலி தாங்கலை. கன்யேத்தே கிட்ட ஊசி இல்லையாம். தண்ணியும் இல்லை. நீ ஒண்ணு பண்ணு. அந்தத் தொட்டியிலேருந்து எனக்குக் கொஞ்சம் கொடு.”

“என்ன பேசுற?”

“தெரிஞ்சுதான் பேசுறேன். சீக்கிரம் முடிஞ்சிடும்ல? கழுதையே நாலு அடிதானே நடந்துச்சு.” சிரிக்கப் பார்த்தான். “அக்காகிட்ட குண்டு பட்டதும் போயிட்டான்னு சொல்லிடு. இதைச் சொல்லாதே. சாமியார் காதுக்குப் போச்சுன்னா கல்லறையில இடம் தர மாட்டாரு.”

நிகாசியோ உண்மையைச் சொல்ல வாயெடுத்தான். சுற்றிலும் தலைகள். எல்லாக் காதுகளும் இங்கேதான். ஒரு குவளைத் தண்ணீர் போனால் கருப்பிக்கு ஒன்றும் குறையாது. ஆனால் அது தண்ணீர் என்று தெரிந்தால் தொட்டியே மிஞ்சாது. அவன் எழுந்து என்ஜினுக்குப் போனான். பச்சிலைத் தூளில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றித் தெரெரே குடிக்கும் மாட்டுக்கொம்பை ஆணியிலிருந்து எடுத்தான். தொட்டியின் குழாயைத் திறந்து சிவப்புத் தண்ணீர் பிடித்தான்.

“அண்ணே…” என்றான் சிப்ரியானோ.

“அவன் விஷம் கேட்டான். விஷம் கொடுக்கிறேன்.”

கன்யேத்தே வழியில் நின்றார். கொம்பைப் பார்த்தார், நிகாசியோவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைசித் தட்டை நோக்கி நடந்துவிட்டார்.

ஹெர்வாசியோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

“கசக்குமா?”

“துவர்க்கும்.”

கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தான். முகத்தைச் சுளித்தான். “விஷம்னா விஷம்தான்,” என்றான். “இன்னும் கொஞ்சம் கொடு மச்சான். அரைகுறையா வேலை செஞ்சுடப் போகுது.”

நிகாசியோ இன்னொரு கொம்பு கொண்டுவந்து கொடுத்தான். அதையும் குடித்துவிட்டுக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு சாவுக்குக் காத்திருந்தான் ஹெர்வாசியோ. காத்திருந்தவன் தூங்கிப்போனான்.

“தோன் நிகாசியோ,” என்று இரண்டாம் தட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “எனக்கும்.”

அதற்கப்புறம் இன்னொருவன். வயிற்றில் அடிபட்டவன் ஒருவன், கண் போனவன் ஒருவன், எங்கே அடி என்றே தெரியாமல் முனகிக்கொண்டிருந்தவன் ஒருவன். நிகாசியோ குழாய்க்கும் தட்டுக்கும் நடந்தான். குடித்தவர்கள் அவன் கையில் முத்தமிட்டார்கள். அவனுக்கு உள்ளுக்குள் ஒரு கிறுக்குச் சந்தோஷம், தப்பு செய்யும்போது மாட்டிக்கொள்ளாத பையனின் சந்தோஷம், பொங்கிக்கொண்டு வந்தது. மூன்றாம் தட்டிலிருந்து ஒருவன், “கொலைகாரப் பாவி! உன் குலம் அழிஞ்சிடும்!” என்று கத்தினான். அவன் கத்தியதில் தெம்பு இருந்தது, அதனால் நிகாசியோ கோபப்படவில்லை.

“சாகணும்னு கேக்கிறவனுக்கு மட்டும் தண்ணி,” என்று குழாயடியில் முணுமுணுத்தான் சிப்ரியானோ. “நல்லா இருக்குண்ணே நம்ம நியாயம்.”

அதைக் கேட்டதும் நிகாசியோவின் கை நின்றது. எவாரிஸ்தோவின் நினைவு வந்தது. வெகு நேரமாக அவன் பேச்சே கேட்கவில்லை.

எவாரிஸ்தோ தட்டின் ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உதடு கறுத்து வெடித்திருந்தது. அந்த வெயிலிலும் அவன் தோலில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. அது நல்லதற்கில்லை என்று சாக்கோவில் எல்லோருக்கும் தெரியும். நிகாசியோ கொம்பை அவன் வாயருகே கொண்டுபோனான். எவாரிஸ்தோ தலையைத் திருப்பிக்கொண்டான்.

“நன்றி, தோன் நிகாசியோ,” என்றான்.

ஒரே கொம்பைச் சுற்றிக் கொடுத்துத் தெரெரே குடிக்கிற வட்டத்தில் நன்றி என்றால் போதும் என்று அர்த்தம். ஊற்றுகிறவன் அதற்குமேல் நீட்டக்கூடாது, நீட்டினால் மரியாதைக்கேடு. நிகாசியோவின் கை வாழ்நாள் பழக்கத்தில் தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது. பிறகுதான் சுதாரித்துக்கொண்டு, குனிந்து, அவன் காதோடு சொன்னான்:

“இது தண்ணிடா. வெறும் தண்ணி. சத்தியமா. குடி.”

எவாரிஸ்தோ அவனை அன்போடு பார்த்தான். “நீங்க நல்லவர். அவனுக்கும் இப்படித்தான் சொன்னீங்களா?” என்று, அசையாமல் கிடந்த ஹெர்வாசியோவைக் கண்ணால் காட்டினான்.

“அவன் தூங்குறான்டா!”

“ஆமா. தூங்குறான்.” மூச்சு வாங்கிக்கொண்டான். “எனக்கு ஒரு பாதம்தானே போச்சு? நான் சாக வேண்டியவன் இல்லை. எனக்கு வாழணும், தோன் நிகாசியோ. பால்மா வரைக்கும் தாக்குப்பிடிச்சிடுவேன். கழுதை கதையை ஹெர்வாசியோ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கான் தெரியுமா? பச்சை நுரை…”

“அது கதைடா மடையா! இங்க பாரு.” நிகாசியோ கொம்பைத் தன் வாயில் வைத்து ஒரு மிடறு குடித்தான்.

எவாரிஸ்தோ பதறிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். அந்தக் கையில் பலமே இல்லை. “துப்புங்க! உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா வண்டியை யார் ஓட்டுவாங்க? துப்புங்க!”

அந்த நிமிடத்தில் கிழக்கே விசில் கேட்டது.

வண்டி முழுக்க ஓர் அசைவு ஓடியது. சிப்ரியானோ அடுப்புக்குள் விறகைத் திணிக்கும் சத்தம் கேட்டது. நிகாசியோ கொம்பை எவாரிஸ்தோவின் இரண்டு கைக்குள்ளும் வைத்து அழுத்தினான். “குடி. நான் செத்தா பாத்துக்கலாம். குடிச்சிடு,” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

எதிர்வண்டி நிற்காமல் வந்தது. புதுச் சட்டை போட்ட சிப்பாய்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். நிகாசியோ தண்டவாளத்தோரம் ஓடிக்கொண்டே, “தண்ணி! தண்ணி போடுங்கடா!” என்று கத்தினான். சக்கரச் சத்தத்தில் அவர்களுக்கு அது வாழ்த்தாகக் கேட்டதோ என்னவோ, தொப்பியை ஆட்டினார்கள். யாரோ இரக்கப்பட்டுச் சுருட்டுகளை அள்ளி வீசினார்கள். தட்டுகளில் படுத்திருந்தவர்களைப் பார்த்ததும் பாட்டு ஒவ்வொரு வண்டியாக நின்றது. கடைசி வண்டி போய்ப் புழுதி அடங்குவதற்குள் நிகாசியோ கருப்பியைக் கிளப்பிவிட்டான்.

பால்மா வரைக்கும் அவன் ஒரு முறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. கண் முழுக்க, பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிற கண்ணாடிக்குழாயில் இருந்தது. தண்ணீர் குழாயின் பாதியில் ஆடியது, பிறகு கால்வாசியில் ஆடியது. தொட்டியில் குச்சி அடியைத் தட்டியது. சரிவு வந்த இடத்தில் ஆவியை அடைத்துவிட்டுச் சும்மா உருளவிட்டான். மேடு வந்த இடத்தில் பெத்ரோனா கும்பிடும் புனிதர்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டான். பதில் வராதபோது திட்டினான். கடைசி வளைவில் குழாயில் தண்ணீர் தெரியவே இல்லை.

“தண்ணி இல்லாம பாய்லர் வெடிச்சுடும்ணே!” என்றான் சிப்ரியானோ.

“வெடிச்சா குளிச்சுக்கலாம். நெருப்பை வெளியே இழு!”

சிப்ரியானோ கனலை வாரி வாரித் தண்டவாளத்தோரம் கொட்டினான். மிச்ச ஆவியில், நடக்கிறவன் வேகத்தில், கருப்பி பால்மாவுக்குள் நுழைந்து பெரிய தொட்டிக்கு முன்னால் நின்றுவிட்டது.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நிறுத்தத்துப் பெண்கள் குடத்தோடும் வாளியோடும் ஓடிவந்தார்கள். தட்டுகளில் மறுபடி சத்தம் எழுந்தது. சாகக் கேட்டு வாங்கிக் குடித்தவர்களும் வாளிக்குக் கை நீட்டினார்கள். கன்யேத்தே அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். விறுவிறுவென்று வந்து நிகாசியோவின் சட்டையைப் பிடித்தார். “முதல்லயே ஒரு வார்த்தை என்கிட்ட…” என்று ஆரம்பித்தவர், சிப்ரியானோ தொட்டி மூடியைத் திறந்து அடியில் கிடந்த சேற்றைக் காட்டியதும், பிடியை விட்டுவிட்டார்.

நிகாசியோ ஒரு வாளி நல்ல தண்ணீரோடு முதல் தட்டுக்குப் போனான். எவாரிஸ்தோ அதே இடத்தில், அதே மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. நிகாசியோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். உதட்டை நனைத்தான். தண்ணீர் தாடையில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினான், வெட்கம் கெட்டுப்போய் இன்னும் கொஞ்சம். கொம்பு அவன் மடியில் காலியாகக் கிடந்தது. பலகையில் ஒரு சிவப்புக் கறை காய்ந்திருந்தது.

“அவன் குடிக்கலை மச்சான்.”

ஹெர்வாசியோ விழித்திருந்தான். குரல் கரகரத்தது, ஆனால் குரல் இருந்தது.

“வண்டி கிளம்பின குலுக்கல்ல முழிச்சேன். உன் விஷம் பழசு போல இருக்கு, நான் சாகலை. பாத்தா, அவன் கொம்பைக் கீழே கவுத்துக்கிட்டு இருக்கான். ஏண்டான்னு கேட்டேன். தெரியாம யாராவது எடுத்துக் குடிச்சுடுவாங்கன்னான்.”

நிகாசியோ பலகையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“அது விஷமில்லைடா,” என்றான். “தண்ணி. நம்ம ஆலைச் சாறு போட்ட தண்ணி. எப்பவுமே தண்ணிதான்.”

ஹெர்வாசியோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வாய் ஒன்றும் பேசாமல் இருந்ததை நிகாசியோ அன்றுதான் பார்த்தான்.

“அவன்கிட்ட சொன்னியா?” என்று கடைசியில் கேட்டான்.

“சொன்னேன்.”

“பின்ன ஏன் குடிக்கலை?”

“நான் சரியா சொல்லலை.”

“கழுதையைப் பத்தி ஏதாவது சொன்னானா?”

நிகாசியோ கொம்பை எடுத்தான். வாளியில் அலசி, நிரப்பி, மைத்துனனிடம் நீட்டினான். ஹெர்வாசியோ அதை வாங்கவில்லை. எவாரிஸ்தோவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

“மச்சான், நான் எந்தக் கழுதையையும் பாக்கலை.”

தொட்டி நிரம்பிவிட்டது என்று அங்கே சிப்ரியானோ குரல் கொடுத்தான். நிகாசியோவால் எழுந்திருக்க முடியவில்லை.